ஜல்லி பார்க்கப் போனேன்!

கோயமுத்தூர் போய்விட்டு வந்தால் சென்னைக்காரர்கள் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். சிறுவாணித் தண்ணி குடிச்சீங்களா? மருதமலை ஏறினீங்களா? மைசூர்பா எங்கே? இந்தத் தடவை பையைக் கவிழ்த்தபோது மைசூர்பா பெட்டியோடு அரைக் கிலோ கருங்கல் ஜல்லியும் 'கடகட'வென்று தரையில் உருண்டது. மனைவி ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் பிரசாதம்?" என்றாள்.

நான் போனதே ஜல்லி பார்க்கத்தான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு ஸன்ஷேடு.

1998-இல் கட்டிய வீடு. கட்டிக் கொடுத்தவர் நல்ல மனிதர்தான், சிக்கனமானவர் வேறு. அஸ்திவாரத்துக்கு இறக்கிய ஒன்றரை ஜல்லி கொஞ்சம் மீதம் கிடந்தது. 'வீணாகப் போவானேன்' என்று ஜன்னலுக்கு மேலே போடும் மூன்று இஞ்ச் ஸன்ஷேடில் அதைக் கலந்துவிட்டார். மேலே சாந்து பூசி, பெயின்ட் அடித்து, எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்கால மத்தியானம், அந்த ஸன்ஷேடின் அடிப்பாகத்திலிருந்து ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து 'தொம்' என்று விழுந்தது. கீழே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா, குக்கர் மூன்றாவது விசில் அடித்ததால் அப்போதுதான் உள்ளே எழுந்து போயிருந்தாள். முக்காலிக்கு இரண்டு கால் போயிற்று.

அதிலிருந்து நான் யார் வீடு கட்டினாலும் ஜல்லிக் குவியல் பக்கம் போய் நிற்கும் ஆசாமி ஆகிவிட்டேன். கிணத்துக்கடவுப் பக்கம் என் தாய்மாமன் எழுபத்து நாலு வயதில் வீடு கட்ட ஆரம்பித்து, "மாப்ளே, வர்ற வியாழக்கெழமை தளம் போடறோம், வந்துருங்க" என்று போன் செய்ததும் சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பொள்ளாச்சி பஸ் பிடிக்க உக்கடம் போனேன். தலைக்கு மேலே 2024-இல் திறந்த மேம்பாலம். ஆட்டோக்காரர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "அவினாசி ரோட்டுப் பாலம் பாத்தீங்களா? பத்து கிலோமீட்டருங்க!" என்றார் சொந்தமாகக் கட்டியவர் மாதிரி. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தைச் சொல்கிறார். 10.1 கிலோமீட்டர். அதில் கார் ஓட்டிப் போகிறவர்கள் சிமெண்ட்டைப் பாராட்டுவார்கள், கம்பியைப் பாராட்டுவார்கள், எஞ்சினீயரைப் பாராட்டுவார்கள். ஜல்லியை? ஊஹூம்! இத்தனைக்கும் எந்தக் கான்கிரீட்டை எடுத்துக்கொண்டாலும் முக்கால்வாசி இடம் ஜல்லிக்கும் மணலுக்கும்தான். ஜல்லி மட்டுமே பாதிக்குக் கொஞ்சம் குறைச்சல். சிமெண்ட் பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறது. ஜல்லிக்கு அந்த வசதி இல்லை.

பஸ் ஈச்சனாரி பிள்ளையாரைத் தாண்டியது. ஒத்தக்கால்மண்டபம் வந்தது. ஒற்றைக் காலில் ஒரு மண்டபம் நிற்கவேண்டுமானால் அந்தக் கால் எப்பேர்ப்பட்ட கல்லாக இருக்கவேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரே ஒரு டிப்பர், பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் மூன்றாவது... எல்லாவற்றிலும் ஜல்லி, ஜல்லித்தூள், எம்-சாண்ட். பாதி இந்த ஊருக்கு, பாதி வாளையாரும் வேலந்தாவளமும் தாண்டி மலையாள தேசத்துக்கு என்று பக்கத்து சீட்காரர் கணக்குச் சொன்னார்.

கொங்குச் சீமையே ஒரு பாறை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகமிருந்தால் எந்தத் தோட்டத்துக் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். பத்தடி மண், அப்புறம் கீழே கீழே கல்! தாத்தாக்கள் வெடி வைத்து உடைத்து மேலே தூக்கிய கல்தான் கிணற்று மேட்டில் குன்று மாதிரி கிடக்கும். அந்த வேலையில் கொங்குக்காரர்களுக்குக் கல்லோடு நல்ல பழக்கம். சிமெண்ட்டும் பக்கத்து வீடுதான்: மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் 1934-லேயே அங்கே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. மணமகனும் மணமகளும் ஒரே தாலூகா!

கிணத்துக்கடவில் இறங்கினால் பொன்மலை வேலாயுதசாமி பாறை மேலிருந்து பார்க்கிறார். முருகன் ஏறி உட்கார்ந்த பாறை என்பதால் அதற்கு மட்டும் யாரும் வெடி வைக்க முடியாது.

மாமா நேரே என்னை கிரஷருக்கே கூட்டிக்கொண்டு போனார். கூடவே மேஸ்திரி. மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் வயது. பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. கூட இன்னொரு உருப்படி, மாமாவின் பேத்தி. ஜி.சி.டி.யில் சிவில் படிக்கிறாள். (1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் ஆரம்பித்த கல்லூரி அது. கல்லூரி தடாகம் ரோட்டுக்குப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. அவினாசி ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் 'ஹோப் காலேஜ்'தான் பெயர்.)

கிரஷர் என்பது ஒரு ராட்சச வாய். லாரியிலிருந்து பாறாங்கல் விழுகிறது. இரும்புத் தாடை இரண்டு, பாட்டி பாக்கு மெல்லுவதுபோல் மென்று துப்புகிறது. பெல்ட் அதை இன்னொரு மெஷினுக்குக் கொண்டுபோகிறது, அப்புறம் சல்லடை. கடைசியில் ஐந்து வாய்க்கால் வழியாக ஐந்து குவியல்: ஒன்றரை, முக்கால், அரை, கால், தூள். எல்லாம் இஞ்ச் கணக்கு. பில்லில் 20 எம்.எம். என்று போட்டிருந்தாலும் ஜல்லிக்காரர் வாயில் அது இன்னும் 'முக்கால்'தான்.

"ரெண்டாவது மெஷின் எதுக்குங்க தெரியுமா?" என்றார் மேஸ்திரி. "தாடை மெஷின் மட்டும் இருந்தா கல்லு சில்லு சில்லா வரும். அடுத்த மெஷின் கல்லைக் கல்லு மேலயே வீசி அடிக்கும். மூலை எல்லாம் ஒடிஞ்சு, சதுரமா வரும். அந்தக் காலத்துல பொம்பளைங்க ரோட்டோரம் உக்காந்து சுத்தியில ஒடைப்பாங்க பாருங்க, அந்த ஜல்லி மாதிரி."

சில்லு வந்தால் என்னவாம்? நான் கேட்டதற்குப் பேத்தி கடலை உருண்டையை உதாரணம் காட்டினாள். வேர்க்கடலைதான் ஜல்லி, வெல்லப்பாகுதான் சிமெண்ட்டும் மணலும். கடலை உருண்டையாக இருந்தால் கொஞ்சம் பாகிலேயே நெருங்கி உட்காரும். கடலைக்குப் பதில் அப்பளத்தை ஒடித்துப் போட்டுப் பிடித்தால்? பாகு ஏகமாக இழுக்கும், உருண்டையும் நிற்காது. தட்டைக் கல்லும் அப்படித்தான். அதைப் போர்த்த அதிகக் கலவை வேண்டும். கலவை ஓடவில்லை என்று ஆட்கள் ஒரு வாளி தண்ணீர் கூட ஊற்றுவார்கள். அந்த ஒரு வாளியில் பலம் போயிற்று. போதாததற்குத் தட்டைக்கல் படுத்த வாக்கில் கிடந்து அதன் அடியில் தண்ணீர் தேங்கும். தண்ணீர் காய்ந்ததும் அங்கே ஒரு பொந்து. கடலை மேல் தோல் இருந்தால் பாகு ஒட்டாது அல்லவா? ஜல்லி மேல் தூசி படிந்திருந்தாலும் அதே கதை.

மேஸ்திரிக்கு இந்த உதாரணமெல்லாம் தேவையில்லை. குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். இன்னொரு கல்லால் ஒரு தட்டுத் தட்டினார். 'ணிங்' என்றது.

"என்ற மச்சான் திருமுருகன்பூண்டியில சாமி செலை அடிக்கறவனுங்க. அவங்கெல்லாம் கல்லைத் தட்டிப் பாத்துத்தான் எடுப்பாங்க. வெங்கல மணியாட்டம் சத்தம் வந்தா ஆண் கல்லு. கொஞ்சம் மெதுவா வந்தா பொண்ணு கல்லு. 'பொத்'துனு வந்துச்சுன்னா செலைக்கு ஆகாது, போட்டுட்டுப் போயிருவாங்க. செலைக்கு ஆகாதது தளத்துக்கு மட்டும் ஆயிருமுங்களா?"

குவாரியின் மேல்தட்டில் வெயிலும் மழையும் பட்டு மக்கிப்போன கல், பழுப்பு நிறமாய் இருக்கும். சுத்தியால் தட்டினால் உதிரும். அது வேண்டாம். காக்காப்பொன் அதிகம் மினுங்குகிற கல்லும் வேண்டாம். அது அடுக்கடுக்காகப் பிரியும். கோவைச் சமவெளியில் பெரும்பாலும் 'நைஸ்' என்கிற பட்டை பட்டையான பாறை. எல்லா நைஸும் நைஸாக இருப்பதில்லை! பட்டையில் காக்காப்பொன் கூடினால் அந்தப் பட்டையோடு பிளந்து தகடு தகடாகத்தான் உடையும்.

எட்டத்தில் தெரிகிற நீலகிரியோ வேறு ஜாதிக் கல், சார்னோகைட். அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. கல்கத்தாவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக் 1693-இல் செத்துப்போனார். அவர் கல்லறைக்கு வைத்த கல்லை இருநூறு வருஷம் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்கிற நிலவியல் வெள்ளைக்காரர் ஆராய்ந்து பார்த்து, 'அட, இது மெட்ராஸ் பக்கத்துப் பல்லாவரம் கல் ஆயிற்றே!' என்று கண்டுபிடித்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். நம்மூர்க் கல், கல்கத்தாக் கல்லறை, இங்கிலீஷ் பெயர்.

சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் ஜல்லிப் பரீட்சை பற்றிப் பேச்சு. நமக்கெல்லாம் பரீட்சையில் ஃபெயிலானால் அடி. ஜல்லிக்குப் பரீட்சையே அடிதான் என்றாள் பேத்தி. ஒரு உருளையில் ஜல்லியைப் போட்டு, பத்து நிமிஷத்தில் மெல்ல மெல்ல 40 டன் பாரம் ஏற்றுவார்கள். பிறகு 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து எவ்வளவு பொடி என்று பார்ப்பார்கள். ரோடு மாதிரி தேய்மானம் உள்ள இடத்துக்குப் போகிற கல் என்றால் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பொடியாகக் கூடாது. அப்புறம் கிட்டத்தட்ட 14 கிலோ சம்மட்டியை 38 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பதினைந்து தடவை போடுவார்கள். அதுவும் போதாதென்று இரும்புக் குண்டுகளோடு ஒரு பீப்பாயில் அடைத்து 500 சுற்றுச் சுற்றுவார்கள். இத்தனையும் தாங்கினால்தான் பாஸ்!

"கல்லுக்கு வேற ஒரு வியாதியும் உண்டுங்க மாமா" என்றாள். சில கற்களில் இருக்கும் ஒருவகை சிலிக்காவுக்கும் சிமெண்ட்டில் இருக்கும் காரத்துக்கும் ஜாதகம் ஒத்துவராது. ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே வீங்கி, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல விரிசல் விடும். 1940-இல் அமெரிக்காவில் ஸ்டாண்டன் என்பவர் கண்டுபிடித்துச் சொன்னது. ஒடிசாவில் ஹிராகுட் அணையிலும் இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. வீட்டுத் தளத்துக்கு இந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். அணை கட்டுகிறவர்கள்தான் ஜாதகம் பார்த்தே தீரவேண்டும்.

இதையெல்லாம் ரோமாபுரிக்காரன் அப்போதே யோசித்திருக்கிறான். அங்கே பாந்தியன் என்று ஒரு கோயில். 43 மீட்டர் அகலத்துக்குக் கவிழ்த்த சட்டி மாதிரி கூரை. கம்பி கிடையாது. கிட்டத்தட்ட 1,900 வருஷமாக நிற்கிறது. கீழே கனமான கல், நடுவில் செங்கல் துண்டு, உச்சியில் தண்ணீரில் மிதக்கிற எரிமலை நுரைக்கல். எந்த இடத்துக்கு எந்த ஜல்லி என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறான்.

எங்கள் ஸன்ஷேடு விழுந்த ரகசியமும் அன்றுதான் புரிந்தது. தளத்தின் கனத்தில் கால் பங்குக்கு மேல் ஜல்லி இருக்கக்கூடாது. மூன்று இஞ்சில் கால் பங்கு என்பது முக்கால் இஞ்ச். அதில் ஒன்றரை ஜல்லியைப் போட்டால் என்ன ஆகும்? கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் கல் மாட்டிக்கொள்ளும், பொள்ளாச்சி பஸ் படிக்கட்டில் மூட்டையோடு ஏறியவர் மாதிரி. பின்னால் வருகிற கலவை கீழே இறங்க வழியில்லை. கம்பிக்கு அடியில் தேனடை மாதிரி பொந்து. அதில் ஈரம் ஏறி, கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பருத்து, காரையைத் தள்ளிவிட்டது. பன்னிரண்டு வருஷம் அது எங்கள் தலைக்கு மேலே பருத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா தினமும் அந்த முக்காலியில்தான் உட்காருவாள்.

வியாழக்கிழமை. விடிகாலை ஐந்தரை. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி ரெடி. கலவை மெஷின், லிஃப்ட், நாற்பது ஆட்கள். அத்தை அடுப்பு மூட்டி மத்தியானப் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். முந்தின நாளே குவித்து, வெயிலில் காய்ந்த கல் கலவைத் தண்ணீரைக் குடித்துவிடாமல் இருக்க மாமா ராத்திரி ஹோஸ் பிடித்து நனைத்த முக்கால் ஜல்லியும், இடுக்கை அடைக்க அரை ஜல்லியும் தயார். ஆனால் மேஸ்திரி கணக்குப்படி முக்கால் ஒரு யூனிட் துண்டு விழுந்தது. (யூனிட் என்றால் நூறு கனஅடி. நாலு டன்னுக்கு மேல் இருக்கும்.) 'பக்கத்திலேயே இன்னொரு எடத்துல சல்லிசா கெடைக்குது' என்று யாரோ சொல்ல, மாமா போன் போட்டிருந்தார்.

அந்த டிப்பர் வந்தது. பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது புகை மாதிரி தூசி. அப்புறம் ஜல்லி.

மேஸ்திரி குனிந்து ஒரு கை அள்ளினார். பேத்தி வந்து ஒரு முறம் அள்ளினாள். கல்லூரியில் எடைபோட்டுப் பார்ப்பார்கள். இங்கே எண்ணத்தான் நேரம். நூறு கல் எண்ணிப் பிரித்தாள். தட்டைக் கல்லும் நீட்டுக் கல்லும் அறுபத்தி மூன்று. ஒரு வாளித் தண்ணீரில் அலசினாள். தண்ணீர் மோர் மாதிரி ஆயிற்று.

"ஆகாதுங்க" என்றார் மேஸ்திரி.

மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்பது ஆள் கூலி. மெஷின் வாடகை. மேற்கே மேகம் வேறு. தளத்தை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தவும் முடியாது. நிறுத்தின இடத்தில் ஒட்டுப் போட்ட மாதிரி கோடு விழுந்து, மழையில் அங்கேதான் ஒழுகும். டிப்பர் டிரைவர், "எல்லாரும் இதைத்தான் போடறாங்க. உங்களுக்கு மட்டும் என்னுங்க?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது.

"நாலஞ்சு சட்டி சிமெண்ட் சேத்திப் போட்டா சரியாப் போயிராதா?" என்று மாமா இழுத்தார்.

நான் முக்காலிக் கதையைச் சொன்னேன். மாமாவின் அக்காதான் என் அம்மா. அவருக்கு ஸன்ஷேடு விழுந்தது தெரியும்; முக்காலி விஷயம் அம்மா சொல்லவே இல்லையாம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவர் கையில் டீசலுக்கு ஐந்நூறு ரூபாயைத் திணித்து, "கோவிச்சுக்காதீங்க சாமி, எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

பழைய கிரஷரிலிருந்து லோடு வர மணி பதினொன்று. அதுவரை நாற்பது பேரும் டீ குடித்தார்கள். நான் அந்தச் சமயத்தில் கிரஷர் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தேன். ஒரு ஆத்தா தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தென்னை மட்டையெல்லாம் வெள்ளை வெளேரென்று தூசி.

"பாரு கண்ணு, என்ற மரம் பூரா பவுடர் பூசிட்டு நிக்குது, கலியாணத்துக்குப் போறாப்புல" என்றார் சிரித்துக்கொண்டே. வந்த விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "நல்ல கல்லுத்தானுங்க. வெடி போட்டு எடுக்கறப்ப என்ற செவுரு ஒடைஞ்சு போச்சு. உங்க ஊட்டுக்குக் கெட்டி, என்ற ஊட்டுக்கு விரிசலு."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் மனசில்லை. அந்த ஆத்தா கண்ணெதிரே தேய்கிற பாறையிலிருந்து வருகிற கல்லை மக்கினதோடும் தூசியோடும் கலந்து கொட்டி, பன்னிரண்டு வருஷத்தில் இடித்துவிட்டு மறுபடி அதே பாறையிடம் போய் நிற்பதுதான் என்னை உறுத்தியது.

கான்கிரீட் முடிய ராத்திரி பத்தாயிற்று. மூட்டைக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. தண்ணீர் வாளி மேஸ்திரியின் காலடியிலேயே இருந்தது, யாரையும் தொடவிடவில்லை. மழை ஏமாற்றிவிட்டது. பிரியாணி ஆறிப்போய்விட்டது. பேத்தி மட்டும் அதே கலவையை 15 சென்டிமீட்டர் அச்சில் மூன்று கட்டிகளாகக் குத்தி நிரப்பி வைத்தாள்.

இருபத்தெட்டாம் நாள் போன் வந்தது. "மாமா, கட்டியை ஒடைச்சுப் பாத்துட்டனுங்க. சதுர மில்லிமீட்டருக்கு 27 நியூட்டன். நமக்கு வேண்டியது 20-தான். ஒரு கட்டி 62 டன் தாங்குச்சு!"

"ஜல்லி?"

"ஜல்லி ஒண்ணுகூட ஒடையலீங்க. அதைச் சுத்தி ஒட்டினதுதான் விட்டுச்சு. அப்பாருகிட்டச் சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லலை. அப்பத்தாதான், ஒடைஞ்ச கட்டியை வீசிராம கொண்டு வரச்சொன்னாங்க. மாட்டுத் தொட்டி ஒரு பக்கம் ஆடுதாம், முட்டுக் கொடுக்கணுமாம்."